பீடத்துக்கும் கூடத்துக்கும் இடையில்

ஹேசல்வித் என்னும் ஆங்கிலச் சிற்றூரின் ஆலயத்தில் மழை ஒழுகியது. பீடப் பகுதியில் ஒழுகினால் குருவானவர் செப்பனிட வேண்டும். மக்கள் கூடத்தில் ஒழுகினால் ஊரார் செப்பனிட வேண்டும். அந்நாட்டின் பழைய வழக்கம் அது. இம்முறை ஒழுகியதோ, இரண்டையும் பிரிக்கும் வளைவின் நேர் கீழே.

அங்கே ஒரு வாளியை வைத்தார்கள். ஊரார் வரும்போதெல்லாம் அதைப் பீடத்தின் பக்கம் தள்ளினார்கள். கில்பர்ட் அதைக் கூடத்தின் பக்கம் தள்ளினார். சொட்டு இடம் மாறவில்லை. ஆகவே வாளி பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

கில்பர்ட், குருவானவர் அம்புரோஸின் சீடர். வயதில் குருவைவிட மூத்தவர். நெடுங்காலம் நீதிமன்றத்தில் வழக்காடிவிட்டு இறைப்பணி கற்க வந்தவர். வழக்காடுவதை மட்டும் இன்னும் விடவில்லை.

"நானே செப்பனிட்டுவிடுகிறேன்," என்று குரு முதல் நாளே சொன்னார்.

"தொடாதீர்கள், ஐயா. தொட்டவருடையது என்று ஆகிவிடும். உங்களுக்குப் பின் வரும் குருமார் எல்லாரும் அந்தப் பாரத்தைச் சுமக்க நேரும்."

"வேறு என்ன செய்வது?"

"வளைவைக் கட்டியவர் யார் என்று கண்டுபிடித்துவிடுகிறேன். பொறுத்திருங்கள்."

குரு பொறுத்திருந்தார். கில்பர்ட் ஏணியும் விளக்குமாக அலைந்தார். ஒவ்வொரு கல்லையும் தடவிப் பார்த்தார். வார இறுதியில் வந்து நின்றார்.

"தூண்கள் தடித்தவை, ஐயா, வளைவு அரைவட்டம். நார்மானியர் காலத்து வேலை. கல்லின் முகத்தில் கோடாரிக் கொத்து சாய்வாக ஓடுகிறது. அக்காலத்தில் இந்தப் பங்கீடே ஏற்படவில்லை. எனவே வளைவு எவருடையதும் அன்று."

"எவருடையதும் அன்று என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரமா?"

"முடிக்கவில்லை, ஐயா. வலப்புறத்துக் கற்களில் உளிக் கொத்து தெரிகிறது. பிற்காலத்தில் பீடப் பகுதியை இடித்து, சன்னல்களைக் கூர்வளைவாக மாற்றிக் கட்டியபோது அவற்றையும் மாற்றியிருக்கிறார்கள். அது குருமார் செய்த வேலை."

"அப்படியானால் பாதி எனக்கு. கொத்தனாரைக் கூப்பிடுகிறேன்."

"கூப்பிடாதீர்கள். அதற்கும் பிறகு, கம்பளி விற்ற பணத்தில் ஊரார் கூடத்தின் கூரையை உயர்த்தி ஈயத் தகடு வேய்ந்தார்கள். வளைவின் மேற்சுவர் அப்போது எழுந்தது. ஆக, கீழே எவருடையதும் அன்று, வலப்புறம் நம்முடையது, மேலே அவர்களுடையது."

"மழை எதன் வழியாக வருகிறது?"

"மூன்றின் வழியாகவும்."

குரு நெற்றியை அழுத்தித் தேய்த்தார்.

அப்போது ஹெஸ்டர் உள்ளே வந்தாள். மறுநாள் அவளுடைய மகளுக்கு அங்கே திருமணம். மணமக்கள் வளைவின் கீழ் நின்றுதான் கைப்பிடிக்க வேண்டும். ஹெஸ்டரின் கையில் ஈரமான காரைக்கட்டி ஒன்று இருந்தது.

"என் மகள் நிற்க வேண்டிய இடத்தில் இது விழுந்து கிடந்தது," என்றாள். "அவளுக்கு ஞானஸ்நானம் ஒருமுறை ஆகிவிட்டது, ஐயா. இன்னொன்று வேண்டாம். காரையோடு வேண்டவே வேண்டாம்."

"சற்றுத் தள்ளி நிற்கலாமே," என்றார் கில்பர்ட்.

"எந்தப் பக்கம்?"

"அது இன்னும் தீர்மானமாகவில்லை."

ஹெஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மாப்பிள்ளை திங்களன்று கப்பலேறுகிறான். எப்போது திரும்புவானோ தெரியாது. காலையிலும் ஒழுகினால் கல்யாணம் இல்லை. உங்கள் தீர்மானத்துக்காக என் மகள் கிழவியாகட்டும்."

போகிற போக்கில் வாளியைக் காலால் நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தினாள். சொட்டு அதற்குள் விழத் தொடங்கியது. அந்த ஓசை ஆலயம் முழுவதும் கேட்டது.

குரு ஏணியைச் சுட்டினார். "கூரைக்குப் போங்கள். இதற்கு முன் அந்த இடத்தைச் செப்பனிட்டவர்கள் எந்தப் பக்கத்தார் என்று பார்த்து வாருங்கள்."

கில்பர்ட்டின் முகம் மலர்ந்தது. "முன்வழக்கு. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஐயா."

"சொல்லியிருக்கலாம்," என்றார் குரு, பல்லைக் கடித்துக்கொண்டு.

கில்பர்ட் நனைந்து இறங்கி வந்தார்.

"பெயர் ஒன்றும் இல்லை, ஐயா. வேலை செய்தவர்கள் தம் காலணியைச் சுற்றி ஈயத்தில் கோடு கீறி வைத்திருக்கிறார்கள். சதுர நுனி, கூர்நுனி, வட்ட நுனி எல்லாம் இருக்கின்றன. பல காலத்தவை."

"எந்தப் பக்கத்தில்?"

"இடக்கால் கூடத்தின் கூரையில், வலக்கால் பீடத்தின் கூரையில்."

"ஒருவர் அப்படிச் செய்திருக்கிறாரா?"

"எல்லாரும். நடுவில் இருப்பது மழைநீர் வடியும் வெறும் நீர்க்கால். அங்கே வேறு எப்படியும் நிற்க முடியாது. நானும் அப்படித்தான்..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வாளியில் ஓசை இல்லை.

"நின்றுவிட்டது," என்றார் குரு. "மேலே என்ன செய்தீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை. நீர்க்காலின் தகடு இருபுறமும் காற்றில் எழும்பியிருந்தது. கால் வைக்க இடமில்லை, மிதித்துப் படியவைத்தேன். ஐயா, இதைச் செப்பனிடுதல் என்று கொள்ளலாகாது."

"தொட்டவருடையது என்று சொன்னவர் நீங்கள்."

"அப்படியே கொண்டாலும், எந்தப் பக்கத்தார் சார்பில் தொட்டேன் என்பது தெளிவாக வேண்டும்."

"அதையே நானும் கேட்கிறேன், கில்பர்ட். எந்தக் காலால் மிதித்தீர்கள்?"

கில்பர்ட் குனிந்து தம் காலணிகளைப் பார்த்தார். இரண்டிலும் ஈயக் கறை இருந்தது.