கைப்பட எழுதிய மனு

ஞாயிறுதோறும் கூடிப் பூங்காவைச் சுத்தம் செய்துவந்த அந்தத் தெருவின் பெண்கள், துருப்பிடித்துக் கிடந்த ஊஞ்சலையும் சரிசெய்து மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். மறுநாளே குடியிருப்போர் சங்கத் தலைவர் ஞானசம்பந்தம் அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். தன்னைக் கேட்காமல் செய்துவிட்டார்களாம்!

அங்கன்வாடி ஆயா பவளக்கொடி போய்க் கேட்டாள்.

"ஏம்மா, ஆடப்போறது நீயா? ஆடுறவங்க கைப்பட மனு எழுதிக் குடுக்கட்டும். எல்லாத்தையும் படிச்சுட்டுத் திறக்கிறேன்" என்றார் தலைவர். ஆடப்போகிற ஒருவருக்கும் நாலு வயது தாண்டவில்லை என்பது தெரிந்துதான் சொன்னார்.

"சரிங்க சார்" என்றாள் பவளக்கொடி.

மறுநாள் காலை அவர் மேசையில் இருபத்தாறு தாள்கள் இருந்தன. எல்லாம் கலர் கலரான கிறுக்கல்.

"என்னம்மா இது? ஒண்ணுமே புரியலையே!"

"எழுதினவங்க வாசல்லதான் நிக்கிறாங்க சார். அவங்களே படிச்சுக் காட்டுவாங்க."

ஒவ்வொரு வாண்டாக உள்ளே வந்து, தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஊஞ்சல்!" என்று கத்திவிட்டுப் போனது. பத்தொன்பதாவதாக வந்தது தலைவரின் சொந்தப் பேத்தி.

"தாத்தா, எனக்குத் தாள் பத்தலை. மிச்சத்தை நம்ம வீட்டு ஹால் சுவத்துல எழுதியிருக்கேன்."

தலைவர் சாவியோடு எழுந்தார்.

"இன்னும் ஏழு மனு இருக்கே சார், படிக்க வேண்டாமா?"

"எல்லாம் படிச்சாச்சும்மா!"

பூட்டு திறந்ததும் பேத்தி ஏறி உட்கார்ந்து, "தள்ளு தாத்தா!" என்றாள். அவள் பின்னால் இருபத்தைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.