மதுரையில் காய்த்த எங்கள் பீர்க்கங்காய்

குருவையா அண்ணன் வாயைத் திறக்கக் கூடாது என்று முந்தின நாளே கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தோம். தீர்மானப் புத்தகத்தில் நானே என் கைப்பட எழுதினேன். தலைவர் என்ற முறையில் அவரே அதன் அடியில் கையெழுத்தும் போட்டார். "நான் ஏன் செம்பகம், பேசப் போறேன், எனக்கென்ன வாய் அரிக்குதா" என்று என்னிடம் வேறு கேட்டார்.

எங்கள் காலனி விருதுநகர் பக்கம். மழை எங்களை மறந்து வெகுநாள் ஆகிறது. பின்பக்கம் குப்பை கொட்டிக் கிடந்த காலி இடத்தை நாங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து சுத்தம் செய்து, ரெண்டு வருஷமாகக் காய்கறி போடுகிறோம். முப்பது வருஷம் லாரி ஓட்டிய குருவையா அண்ணன் தலைவர். தபால் ஆபீசில் ஸ்டாம்பு விற்று ஓய்வு பெற்ற நான், செண்பகவல்லி, செயலாளர். செடிக்குத் தண்ணீர் கிடையாது. தெருமுனை அடிபம்பில் அடித்துக் குடம் குடமாகத் தூக்கி வந்துதான் ஊற்றுகிறோம். சித்திரைக்குள் தண்ணீருக்கு வழி பிறக்காவிட்டால் அந்த இடத்தில் கார் ஷெட் போடுவதென்று காலனிச் சங்கம் கெடு வைத்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் வேர்முடிச்சு அறக்கட்டளை என்று ஒன்று, தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் தோட்டங்களுக்குத் தொட்டியும் குழாயும் போட நிதி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். தோட்டத்தில் பெயர்ப் பலகை இருக்க வேண்டும் என்று விதி. அண்ணன் லாரிக்குப் பெயர் எழுதும் பழைய சிநேகிதரைப் பிடித்து, லாரி அகலத்துக்கே ஒரு பலகை எழுதி வாங்கி நட்டுவிட்டார். ஓரத்தில் ஒரு தக்காளி, 'ஒலி எழுப்புக' என்ற வாசகம் உட்பட. அந்தப் பலகை நிழல் விழும் இடத்தில் செடி வராது. ஆடுகள் படுத்துக்கொள்ளும்.

அறக்கட்டளையிலிருந்து தோட்டத்தைப் பார்க்கப் பெனிட்டா மேடம் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பதரைக்கே வந்துவிட்டார். நான் மூன்றாம் மாடியிலிருந்து விண்ணப்பக் கோப்பை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள், அண்ணன் அவரைப் பலகை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். எதிர்வீட்டு முனீஸ்வரி டீயோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் ஆரம்பித்திருந்தார்.

"கத்திரிக்காய்னா சும்மா இல்ல மேடம். போன தையில ஒண்ணு காச்சுச்சு. பறிக்க ரம்பம் கொண்டு வந்தோம். ரெண்டு ஆள் அந்தப் பக்கம், ரெண்டு ஆள் இந்தப் பக்கம். காம்பு அறுபட்டு விழுந்தப்போ ஏ பிளாக்ல சுவத்துல மாட்டியிருந்த காலண்டரெல்லாம் கழண்டு விழுந்துச்சு. அந்த ஒத்தக் காயில நாலு பிளாக்கும் எண்ணெய்க் கத்திரிக்காய் வெச்சோம். கேளுங்க, இதோ முனீஸ்வரிகிட்ட."

"எங்க வீட்டுக்கு வரலையே" என்றாள் முனீஸ்வரி.

"நீ அன்னைக்கு விரதம்."

மேடம் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அண்ணனுக்கு அது போதும். எழுதிக்கொள்ளும் ஆள் அவருக்கு அதுவரை வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

"கத்திரிக்காய விடுங்க. பீர்க்கங்கொடி கதை தெரியுமா? ஒருநாள் மத்தியானம் மதுரை பஸ் ஒண்ணு பஞ்சராகி நம்ம கேட் முன்னாடி நின்னுச்சு. டயர் மாத்துற அரைமணி நேரத்துல கொடி போய்ப் பின்னாடி ஏணியப் பிடிச்சிருச்சு. யாரும் கவனிக்கல. பஸ் கிளம்புது, கொடியும் கூடவே வளந்துக்கிட்டே போகுது. மாட்டுத்தாவணியில போய் நின்னப்போ ஏணி பூராம் மஞ்சப் பூ."

"கண்டக்டர் லக்கேஜ் போடலையாண்ணே?" என்றாள் முனீஸ்வரி.

"போட்டாரு. ஆனா வேரு ஏறாததால பாதி டிக்கெட்தான் போட முடியும்னுட்டாரு, நியாயமான மனுசன். அதுக்கப்புறம் எனக்குத்தான் மேடம் அலைச்சல். தண்ணி இங்க ஊத்தணும், காய் மதுரையில போய்ப் பறிக்கணும்."

நான் தொண்டையைச் செருமினேன். தீர்மானப் புத்தகத்தை அவர் கண்ணில் படும்படி தூக்கிக்கூடக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்து, "செம்பகம் சாட்சி, இந்தப் பூசணிக்காய் விசயத்துல" என்றார்.

"பி பிளாக்ல ஒரு வாத்தியார் இருந்தாரு. வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், ஒரு மாசம் எங்க போறதுன்னு தவிச்சாரு. நம்ம பூசணிக்காய் ஒண்ணு சும்மாதான் கிடந்துச்சு. வாசல் வெட்டி, ரெண்டு ஜன்னல் வெச்சுக் குடுத்தேன். பொண்டாட்டி பிள்ளைகளோட குடிவந்துட்டாரு. உள்ள அவ்வளவு குளுகுளுன்னு இருக்கும். கணக்கெடுக்க வந்த அம்மா கதவு நம்பர் கூடப் போட்டுட்டுப் போச்சு."

"எந்த வாத்தியாருண்ணே? நான் கல்யாணமாகி வந்து பன்னெண்டு வருசமாச்சு. பி பிளாக்ல வாத்தியாரே கிடையாது" என்றாள் முனீஸ்வரி.

"இப்ப எப்படி இருப்பாரு? ஒரு கல்யாண வீட்டுக்காரங்க சாம்பாருக்குப் பூசணிக்காய் வேணும்னு வந்தாங்க. அவசரத்துல அவரு சமையக்கட்டு இருந்த பக்கத்த அறுத்துக் குடுத்துட்டேன். அந்தக் கோவத்துல ராமநாதபுரத்துக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டப் பேசுறதில்ல."

மேடம் பக்கத்தைப் புரட்டினார். "அந்த முருங்கை?" என்று கேட்டார். எங்கள் முருங்கை அவர் முழங்கால் உயரம் இருந்தது, மேல்பாதியை ஆடு கடித்திருந்தது.

"அது இப்ப வெட்டி விட்டிருக்கு மேடம்" என்றார் அண்ணன், கண் இமைக்காமல். "போன வருசம் சாம்பாருக்கு நாலு காய் பறிக்கத் தொரட்டியோட ஏறினேன். பறிச்சிட்டு இறங்குறேன், இறங்குறேன், தரை வரவே மாட்டேங்குது. நான் ஒரு முழம் இறங்கினா அது ரெண்டு முழம் வளருது. சோறெல்லாம் கயித்துல கட்டித்தான் மேல அனுப்பினாங்க. மூணாம் நாள் தலையில ஈரமா என்னமோ இடிக்குது. பாத்தா மேகம். கையிலதான் தொரட்டி இருக்கே, மாட்டி ஒரு இழு இழுத்தேன். கிழிஞ்சு கொட்டுச்சு பாருங்க மழை, ஒரு வாரம் நிக்கல."

"அப்ப உங்களுக்குத் தண்ணிக் கஷ்டம் இல்லை" என்றார் மேடம்.

"கஷ்டமா? தண்ணி நமக்குத் தாராளம் மேடம். வேணுங்கிறப்ப ஒரு இழு."

முனீஸ்வரி கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. மேடம் பேனாவை மூடினார், எழுதிக்கொண்டிருந்த கோப்பையும் மூடினார். "எங்க நிதி தண்ணியில்லாம வாடுற தோட்டங்களுக்குத்தான் ஐயா. இவ்வளவு செழிப்பா இருக்கிற இடத்துக்குக் குடுத்தா மத்தவங்க எங்களக் கேப்பாங்க" என்று எழுந்தார்.

லாரியை முப்பது வருஷம் மலைப்பாதையில் திருப்பிப் பழகியவர் குருவையா அண்ணன். ஒரு மூச்சு விடும் நேரத்தில் பேச்சையும் திருப்பிவிட்டார்.

"உக்காருங்க மேடம், அந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் நடந்ததக் கேக்கலையே நீங்க. காய்ஞ்சுச்சு பாருங்க, அப்படி ஒரு காய்ச்சல். மண்புழுவெல்லாம் இங்க பிழைக்க வழியில்லன்னு குடும்பத்தோட திருப்பூருக்கு வேலைக்குப் போயிருச்சு. தீபாவளிக்கு மட்டும் வரும், ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிரும். பாவக்காய் பாகலாவே இருக்கத் தெம்பில்லாம கசப்ப விட்டுருச்சு. வெண்டைச் செடி இருக்கே, தண்ணி லாரி ஹாரன் சத்தம் கேட்டாப் போதும், வேரோட எந்திரிச்சு ஆளுக்கொரு குடத்தத் தூக்கிட்டு வரிசையில வந்து நின்னுரும். முனீஸ்வரிக்கும் ஒரு வெண்டைச் செடிக்கும் அந்த வரிசையில சண்டையே நடந்திருக்கு."

"அந்தச் செடிதான் முந்துச்சு" என்றாள் முனீஸ்வரி பரிதாபமாக. காலனியைக் காப்பாற்ற அவளும் குதித்துவிட்டாள்.

மேடம் நிதானமாகக் கேட்டார். "செடிங்களே குடத்தோட வரிசையில நிக்குதுன்னா, குழாய் எதுக்கு ஐயா? அதுங்களே பிடிச்சுக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்தான். ரெண்டு வருஷம் முழங்கால் தேயக் குடம் தூக்கியது இந்த மனுஷன் வாயால் அரைமணியில் போகிறதே என்று இருந்தது. "மேடம், இவர் சொன்ன எதுவும் கிடையாது" என்றேன். "இந்த வருஷம் ஏழு கத்திரிக்காய் வந்துச்சு. அதுல ரெண்டு சொத்தை. பீர்க்கங்கொடி கேட்டையே தாண்டல. வந்து பாருங்க."

வந்து பார்த்தார். ஆறடிக்கு ஒரு கத்திரிச் செடி, ஒரு பாத்தி கீரை, வாடிய வெண்டை. தெருமுனையிலிருந்து தோட்டம் வரைக்கும் குடம் சிந்திய ஈரம் கோடு போட்ட மாதிரி கிடந்தது. ஒரு குடத்தை அவரே தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை யார் சுமக்கிறது?" என்று கேட்டார்.

"எல்லாரும் ரெண்டு ரெண்டு குடம்" என்றாள் முனீஸ்வரி. "அண்ணன் மட்டும் தெனமும் பதினோரு குடம். போன வருசம் இடுப்பு பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த மறுநாளும் தூக்குனாரு."

மேடம் அண்ணன் பக்கம் திரும்பினார். "இத நீங்க சொல்லவே இல்லையே ஐயா."

அண்ணன் தரையைப் பார்த்தார். "இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு மேடம், தண்ணி தூக்குறதெல்லாம் ஒரு விசயமா" என்றார். ரெண்டு வருஷத்தில் அவர் சின்னதாக்கிச் சொன்ன முதல் விஷயம் அது. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மேடம் நின்றபடியே கோப்பைத் திறந்தார். மகசூல் என்ற இடத்தில் 'கத்திரிக்காய் ஏழு, சொத்தை இரண்டு' என்று எழுதினார். அதற்குக் கீழே தொட்டிக்கும் குழாய்க்கும் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சித்திரைக்கு முன்னாடி தண்ணி வந்துரும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தோட்டம் எப்படியிருக்குன்னு அறிக்கை வேணும். அத இவர் எழுதக் கூடாது" என்றார். நான் உடனே தீர்மானப் புத்தகத்தைப் பிரித்தேன்.

கேட் வரைக்கும் போனவர் நின்று திரும்பினார்.

"போன மாசம் இதே மாதிரி இன்னொரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கேயும் ஒரு தலைவர், உங்கள மாதிரியே பேச்சு. நான் திரும்பி வந்த மறுநாள் அங்க இருந்த செடிங்க எல்லாம் பஸ் ஏறி எங்க ஆபீசுக்கு வந்துருச்சு. தலைவர மாத்திக் குடுங்கன்னு மனு. இன்னமும் என் மேசை மேலதான் இருக்கு."

குருவையா அண்ணன் முகத்தில் சந்தேகம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"செடிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா மேடம்?"

"எல்லாத்துக்கும் தெரியாது" என்றார் பெனிட்டா மேடம். "வாழை எழுதிக் குடுத்துச்சு. கீரையெல்லாம் கைநாட்டு."