காகிதத்தில் மூன்று நிபந்தனைகள்

அம்பலவாணனுக்கு அறுபது வயது. அவருடைய குருவுக்கு நாற்பதுதான். அதனால் என்ன, குருவைக் கண்டால் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும்.

பிள்ளையில்லாத சித்தப்பா அம்பலவாணனுக்கு எழுதிவைத்துப் போன வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. உத்தரத்தில் கரையான் ஏறிவிட்டது. இன்னொரு மழைக்காலம் தாங்காது. வாங்க வந்தவர்களோ, அம்பலவாணன் நீட்டிய காகிதத்தைப் படித்ததும் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு குருவே வீடு பார்க்க வந்தார்.

"காகிதத்துல அப்படி என்ன எழுதியிருக்கீங்க?"

"முருங்கையை வெட்டக் கூடாது. ஊஞ்சலைக் கழட்டக் கூடாது. கூடத்து மாடத்துல தினமும் விளக்கு ஏத்தணும். சித்தப்பா வாழ்ந்த வீடு, சாமி. கண்டவன் கையில எப்படிக் குடுக்கிறது?"

குரு மாடத்தை எட்டிப் பார்த்தார். சுவரில் பழைய எண்ணெய்க் கறை. அதன்மேல் சோப்பு நுரை காய்ந்த வெள்ளைத் தடம்.

"இதுல சித்தப்பா விளக்கு ஏத்தினாரா?"

அம்பலவாணன் நெளிந்தார்.

"இல்லை. சவர சாமான் வச்சிருந்தார். விளக்கு வச்சது, அவருக்கு இந்த வீட்டை வித்த மரகதம்மா. வித்த பிறகும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் அந்தம்மா ஒரு அகலோட வந்து வாசல்ல நிப்பாங்க. அதுக்கு முன்னாடியே சித்தப்பா ரேசரையும் கிண்ணத்தையும் எடுத்துட்டு, மாடத்தைத் துடைச்சு வச்சிருப்பார். அந்தம்மா கண்ணை மூடுற வரைக்கும், முப்பது வருஷம். ஒரு தடவைகூட அவங்க வாய் திறந்து கேட்க விட்டதில்லை."

அப்படி ஒரு மனுஷர் தன் குடும்பத்தில் பிறந்தாரே என்று அம்பலவாணனுக்கு இன்றைக்கும் பெருமை.

"பெரிய மனுஷர்," என்றார் குரு. மாடத்தைப் பார்த்துக் கைகூப்பவும் செய்தார். "அந்தம்மா இதைப் பத்திரத்துல எழுதி வாங்கினாங்களா?"

"ஒரு வார்த்தை சொன்னதில்லை, சாமி. சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

அப்போது வாசலில் ஒரு தையல்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வீடு பார்க்க வரச்சொல்லியிருந்த ஆள். அம்பலவாணன் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். அவரால் அதை நீட்டவும் முடியவில்லை, கிழிக்கவும் மனம் வரவில்லை.

"இவரும் சித்தப்பா மாதிரி இருப்பார்னு என்ன நிச்சயம், சாமி?" என்றார் மெல்ல.

"சாவியைக் கையில வாங்கின அன்னிக்கு, மரகதம்மாவுக்கு உங்க சித்தப்பாவும் கண்டவர்தான்."