தொட்டிலில் கட்டிய ராஜா

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் நாலு ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாட வருவார்கள், விட்டுவிடுவோம். அந்த நாட்டு அரசவை விகடகவி மருதப்பன். அவன் மனைவி குமுதவல்லி தன் கைக்குழந்தைக்கு ஒரு மரப்பொம்மை செய்தாள். கைகால்களைத் தனித்தனியாகச் செதுக்கிப் பொருத்தி, முதுகில் நூல் கோத்தாள். நூலை இழுத்தால் பொம்மை கைகாலை உதறிக் குதிக்கும். "ராஜா வந்துட்டார், பார்!" என்று குழந்தையின் அழுகையை நிறுத்த, அதற்குக் கிரீடமும் மீசையும் வைத்தாள்.

மருதப்பன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த பொக்கிஷ அதிகாரி விடங்கருக்கு அது போதாதா? ஆள் விட்டு அதை எடுத்துவரச் செய்து, அவையில் நூலைச் சுண்டினார். "மன்னர் பெருமானே, மருதப்பன் வீட்டில் தாங்கள் படும் பாட்டைப் பாருங்கள்!"

அரசனின் முகம் சிவந்தது. "மருதப்பா! என்னை இப்படி ஆட்டிவைக்கும் தகுதி யாருக்கு உண்டு? நாளை அவரை இந்த அவையில் நிறுத்து. தவறினால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போ."

யாரை நிறுத்தினாலும் அவமதிப்பு, நிறுத்தாவிட்டால் நாடுகடத்தல். விடங்கர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

வீட்டில் குமுதவல்லி அழுதாள். "என் கை சும்மா இருந்திருக்கக் கூடாதா? உங்களைத் தெருவில நிறுத்திட்டேனே!"

"அடி பைத்தியமே, அந்தக் கைதான் நம்மைக் காப்பாத்தப்போகுது. நீ வேலையா இருக்கும்போது நூலை எதுல கட்டிவைப்பே?"

"பாப்பா கால் தண்டையில..." சொன்னவள் கண்ணைத் துடைத்தாள். "என்னங்க, மகாராணிகிட்ட நானே போய்க் கேட்கிறேன்."

மறுநாள் அரசி சின்னஞ்சிறு இளவரசியோடு அவைக்கு வந்தாள். தொட்டில் கட்டி, இளவரசியை அதில் கிடத்தி, மேலே பொம்மையைத் தொங்கவிட்டு, நூலைக் குழந்தையின் தண்டையில் முடிந்தான் மருதப்பன். குழந்தையோ அசையாமல் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உமது ஆள் தூங்கப்போகிறாரா ஐயா?" என்றார் விடங்கர்.

சட்டென்று குழந்தை காலை உதைத்தது. பொம்மை துள்ளியது. அதுவரை வாய்விட்டுச் சிரித்தறியாத இளவரசி கலகலவென்று சிரித்தாள்!

அரசன் செங்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "என் கண்ணே, இன்னொரு தரம்!" என்று கைகளை விரித்து ஒற்றைக்காலில் குதித்தான். குழந்தை மறுபடி சிரித்தது. அரசன் மறுபடி குதித்தான்.

மருதப்பன் வணங்கினான். "மன்னர் பெருமானே, தாங்கள் கேட்ட ஆள் இவர்தான். பொம்மையை ஆட்ட நூலாவது வேண்டியிருந்தது."

தூக்கிய காலோடு அப்படியே நின்ற அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். குமுதவல்லியை அழைத்து, "என் மகளின் முதல் சிரிப்பை எனக்குக் கொடுத்தாய், அம்மா" என்று பொன்வளையல்களைத் தந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. தொட்டிலை அந்தப்புரத்துக்குச் சுமக்கும் பொறுப்பு விடங்கருக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அந்நாட்டில் தொட்டில் கட்டினால் மேலே ஒரு ராஜா ஆடுவது வழக்கமாயிற்று.

வீடு திரும்பும் வழியில் மருதப்பன் மனைவியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இந்தக் கைக்கு நான் என்னடி கைம்மாறு செய்வேன்?"

"பொம்மையைத்தான் அரண்மனைக்குக் கொடுத்தாச்சே" என்றாள் அவள். "நான் இன்னொண்ணு செதுக்கி முடிக்கிறவரைக்கும், பாப்பா அழுதா நீங்கதான் குதிக்கணும்."