காவல் நாய்க்குக் கடல் கடந்த பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில், நாயும் ஓநாயும் மனிதரோடு வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, காவல் நாய்களுக்கென்று ஒரு நியாயம் இருந்தது. வீட்டு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பாயும். கூப்பிடாமல் பாய்வது காட்டுப் புத்தி, நமக்கு ஆகாது என்று அவை ரோஷமாகச் சொல்லும். நல்ல நியாயம்தான். அதையும் ஒரு மனுஷன் கெடுத்தார் பாருங்கள், அவரைச் சொல்ல வேண்டும்.

கடற்கரையை ஒட்டிய தேரி என்னும் செம்மணல் மேட்டில் மாசானமுத்து என்பவர் ஆட்டுக்கிடை வைத்திருந்தார். அவருடைய மருமகள் செண்பகவடிவு. புருஷன் தோணியில் ஏறினால் மாதக்கணக்கில் வரமாட்டான். பால் கறப்பது, முள்வேலி கட்டுவது, குட்டிகளைப் பார்ப்பது எல்லாம் வடிவுதான். மாமனார் பார்த்த வேலை ஒன்று உண்டு. "ஏய்" என்று கூப்பிடுவார். ஏய், தண்ணி கொண்டா. ஏய், வெத்தலை எங்கே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

ஓநாய்த் தொல்லை பெருத்ததும், கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கறுப்பு நாயைக் கொண்டுவந்தார் மாசானமுத்து. கொண்டுவந்த கையோடு, செத்துப்போன தன் அப்பாவின் பெயரை அதற்கு வைத்தார். பலவேசம். "எங்கய்யா இருந்தவரைக்கும் ஒரு ஓநாய் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை" என்று பெருமை வேறு.

வடிவுக்குத் திக்கென்றது. புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் அவருடைய அப்பன் பாட்டன் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் குடும்பத்துக்கு ஆகாது, நாக்கு அழுகிவிடும் என்று பயம் காட்டித்தானே அவளை அந்த வீட்டுக்குள் விட்டார்கள்.

"மாமா, அந்தப் பேரை நான் எப்படிச் சொல்லுவேன்? வேற பேர் வையுங்களேன்."

"நீ எதுக்குச் சொல்லணும்? ஏய்னு கூப்பிடு, போதும்."

நாய் தலையைத் தூக்கியது. "ஏய்னா நான் வரமாட்டேன். வழியில போறவன் வாறவன் எல்லாம் ஏய்தான். நான் என்ன கேட்பாரத்த நாயா?"

வடிவு அந்த நாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமனார் சந்தைக்குப் போயிருந்த ஒரு பகலில், கிழட்டு ஓநாய் ஒன்று வேலியைத் தாண்டி வந்தது. வடிவு தாய்வீட்டிலிருந்து ஓட்டிவந்த ஆடு ஒன்று சினையாக இருந்தது. ஓநாய் நேரே அதனிடம் போனது. வடிவு "ஏய், ஏய்" என்று கத்தினாள். நாய் நின்ற இடத்திலேயே துடித்தது.

"பேரைச் சொல்லு தாயி. ஒரு தரம் சொல்லிரு."

வடிவு வாயைத் திறந்தாள். பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"இது பேர் சொல்லாத வீடுல்லா, எனக்குத் தெரியும்" என்று சாவகாசமாகச் சொன்ன ஓநாய், ஆட்டைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சந்தையிலிருந்து வந்த மாசானமுத்து என்ன கேட்டார் தெரியுமா? "நாயைக் கூப்பிட முடியாம வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்று கேட்டார். கேட்க எப்படி மனசு வந்ததோ.

வடிவுக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. "பூட்டைப் போட்டதும் நீங்கதான். கதவு ஏன் திறக்கலைன்னு கேக்கதும் நீங்கதானா மாமா?" என்றாள். அந்தச் சூட்டோடு நாயைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தாள். தேரியைச் சுற்றி எந்தப் பெயரை எடுத்தாலும் புருஷன் வீட்டில் ஒரு பெரியவருக்கு அது இருந்தது. இருப்பவருக்கு இல்லையென்றால் செத்தவருக்கு இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெயர் ஒன்றுதான் இனி வழி.

துறையில் பவழம் விற்க வந்த இத்தாலிக்காரன் ஒருவன் இருந்தான். ஜாக்கொமோ என்று பெயர். வருஷா வருஷம் வந்து தமிழ் பழகியவன். வடிவு விஷயத்தைச் சொன்னதும் அவன் நாயைச் சுற்றிவந்து பார்த்தான்.

"லோரென்சோ என்று வையுங்கள். என் தாய்மாமன் பெயர்."

"வீட்டுப் பெரியவுக பேரை நாய்க்கு வச்சு நாங்க பட்டது போதும். உம்ம மாமன் உமக்கே இருக்கட்டும்."

"அப்படியானால் மனிதர் யாருக்கும் வைக்காத பெயர் தருகிறேன். லாம்போ. எங்கள் பேச்சில் மின்னல் வெட்டு."

வடிவு கடலைப் பார்த்து ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். கடைசி ஓகாரம் நீண்டு காற்றோடு போனது.

"தேரிக்கு அந்தப் பக்கம் நின்னாலும் கேட்கும். எனக்குச் சம்மதம்" என்றது நாய்.

மாசானமுத்து அந்தப் பெயரைக் காதில்கூட வாங்கவில்லை. எந்தப் பரதேசிப் பேரோ, யாருக்கு வேணும் என்று திண்ணக்கமாக இருந்துவிட்டார்.

மறு வாரமே அந்தக் கிழட்டு ஓநாய் கூட்டத்தோடு வந்தது. கிடையோரம் நின்ற மாசானமுத்து, உயிருக்குப் பயந்து உடை முள்மரத்தில் ஏறினார். முள் உடம்பெல்லாம் கிழித்தது, கிளை முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. "பலவேசம், பலவேசம்" என்று கத்தினார். நாய் காதைக்கூட ஆட்டவில்லை. புதுப் பெயரை யோசித்துப் பார்த்தார். கேட்டிருந்தால்தானே வரும்.

வாசலில் வடிவு நின்றாள்.

"ஏய், நாயைக் கூப்பிடு."

அவள் அசையவில்லை.

"ஏய், உன்னைத்தான்."

"வழியில போறவன் வாறவன் எல்லாம் ஏய்தான் மாமா. நீங்க யாரைச் சொல்லுதீக?"

கிளை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. ஓநாய்கள் அண்ணாந்து பார்த்தன.

"செண்பகவடிவு" என்றார் அவர். "எம்மா செண்பகவடிவு, கூப்பிடும்மா."

அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"லாம்போ" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். பெயருக்கேற்ற பாய்ச்சல் பாய்ந்தது நாய். தேரியைத் தாண்டும்வரை ஓநாய்கள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வந்த நாய், மரத்தடியில் உட்கார்ந்து சொன்னது: "வீட்டுப் பொம்பளை வாய்விட்டுக் கூப்பிட முடியாத பேரை இனிமே எங்க சாதியில யாருக்கும் வைக்கக் கூடாது. வச்சா காவல் கிடையாது."

பேச்சு ஊர் ஊராகப் பரவியது. அன்று முதல்தான் நம் வீடுகளில் காவல் நாய்க்கு ஊர் உறவில் இல்லாத கடல் கடந்த பெயராகத் தேடி வைக்கிறார்கள். நாய் ஒரே நாளில் தன் பெயரை வாங்கிக்கொண்டது. மருமகளை "ஏய்" என்று கூப்பிடுகிற வீடுதான் இன்னும் இருக்கிறது.