குறுக்கே கிடந்த கொப்பு

பூரணி அம்மாவுக்குச் சீடர்னு ஒருத்தர்தான். பேரு சிங்காரம். முன்னாடி மினி பஸ் கண்டக்டர். குருவை விட ஆறு வயசு மூத்தவர். பஸ்ஸை விட்டு இறங்கிப் பல வருஷம் ஆச்சு, வாய் மட்டும் இன்னும் இறங்கல.

வருஷா வருஷம் அம்மா மலைக்கோயிலுக்கு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போவாங்க. மூணு நாள் நடை, முழுக்கக் காடு. அம்மாவும் சிங்காரமும் விடியறப்பவே கிளம்பிருவாங்க. மத்தவங்க ரெண்டு மணி நேரம் பின்னாடி வருவாங்க. பாதை ரெண்டா பிரியற இடத்துல, போகக்கூடாத பக்கம் ஒரு பச்சைக் கொப்பை வெட்டிக் குறுக்கே போட்டுட்டுப் போகணும். வர்றவங்களுக்கு அதுதான் போர்டு.

நாலு வருஷம் கெஞ்சினதுக்கு அப்புறம், இந்த வாட்டிதான் அரிவாள் சிங்காரம் கைக்கு வந்துச்சு.

ரெண்டாம் நாள் காலைல ஒரு பிரிவு வந்துச்சு. வலது பக்கம் ஏறினா கோயில். இடது பக்கம் ஓடைக்கு இறங்கும். அங்க குட்டி போட்ட யானை நிக்குதுன்னு காட்டு வாட்சர் சொல்லியிருந்தார். சிங்காரம் தன் பழைய டிரைவர் கதை ஒண்ணைச் சொல்லிக்கிட்டே வெட்டினார், போட்டார், வலது பக்கம் ஏறினார்.

கொஞ்ச தூரத்துல கதை நின்னுபோச்சு.

கொப்பைத் தாண்டிக் காலை வெச்ச மாதிரி ஒரு ஞாபகம். தாண்டியிருந்தா, அது கிடக்கிறது கோயில் பாதையில. அப்ப பின்னாடி வர்ற பதினோரு பேரும் ஓடைக்குத்தான் இறங்குவாங்க. அதுல கைக்குழந்தையோட செல்வி வேற.

தாண்டினோமா? இல்ல, தாண்டினது மரவேரா?

சொன்னா அரிவாள் போயிரும். அதனால மத்ததெல்லாம் கேட்டார். யானை இந்நேரம் ஓடையில நிக்குமா, உள்ள போயிருக்குமா. செல்வி பால் குடுக்க எங்கயாச்சும் உக்காந்திருக்குமா. அம்மா எல்லாத்துக்கும் தெரியலன்னாங்க. அம்மா தன் பின்னாடியேதானே வந்தாங்க, தப்புன்னா சொல்லியிருப்பாங்கன்னு சமாதானம் பண்ணிக்கிட்டார். பத்தடிக்கு அது தாங்குச்சு.

ஒரு மணி நேரம் நடந்ததும் ஒரு பாறை வந்துச்சு. மத்தியானத்துக்கு முன்னாடி உக்காரவே உக்காராத அம்மா உக்காந்தாங்க.

"உக்காருங்க சிங்காரம்."

தன் கால்ல ஏறியிருந்த அட்டைப்பூச்சிங்க மேல அம்மா உப்பு தூவினாங்க. டிக்கெட் எடுக்காம ஏறினா இப்படித்தான் இறக்கி விடணும்னார் சிங்காரம். அம்மா சிரிக்கல. அவருக்கும் சிரிப்பு வரல. இன்னும் ஒரு வளைவு ஏறிட்டா, திரும்பி ஓடினாலும் பிரிவுக்கு நேரத்துல போய்ச் சேர முடியாது.

கடைசி அட்டை விழுந்துச்சு. அம்மா உப்புப் பொட்டலத்தை மடிச்சாங்க.

"அம்மா."

"ம்."

"கொப்பை நான் மாத்திப் போட்டிருப்பேன்னு தோணுது."

அவர் முடிக்கறதுக்குள்ள அம்மா எழுந்துட்டாங்க.

ரெண்டு பேரும் விழுந்து எழுந்து இறங்கினாங்க. ஒரு காட்டுக்கோழி படபடன்னு பறந்ததுக்கே சிங்காரத்துக்கு உயிர் போயி வந்துச்சு. குழந்தை அழுற சத்தம் எந்தப் பக்கத்துல இருந்தாவது வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டே ஓடினார்.

கொப்பு கோயில் பாதையிலதான் கிடந்துச்சு.

இழுத்தார். ரெண்டு தடவை கை நழுவுச்சு. அது கிடந்த இடத்துக்கு மேல ஈரமண்ணுல காலைல ஏறிப்போன ரெண்டு சோடி தடம். அவரோட செருப்பு. அம்மாவோட வெறுங்கால். கொஞ்ச நேரம் அதையே பாத்தார். அப்புறம் கொப்பை இடது பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்.

நிமிர்றப்ப கீழ இருந்து செல்வி குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏறி வந்துச்சு.

"என்ன கண்டக்டரே, கொப்பு போட்டா பத்தாதா, காவலுக்கும் நிக்கணுமா?"

சிங்காரம் ஒதுங்கி வழி விட்டார். செல்வி கொப்பைப் பாத்துட்டு, நிக்காம வலது பக்கம் திரும்புச்சு. மத்தவங்களும் ஒவ்வொருத்தரா ஏறிப் போனாங்க.

கடைசி ஆளும் போனதுக்கு அப்புறம் அம்மாகிட்ட கேட்டார்.

"நீங்களும் தாண்டித்தான் வந்திருக்கீங்க."

"ஆமா."

"பாறையில நான் வாயத் தொறக்கலைன்னா?"

"நான் தனியா இறங்கி வந்திருப்பேன்."