‘அழி’ என்றான் கொண்டையன்

மலைக்காட்டுச் சுனை ஓரத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். மரங்கொத்தி கொண்டையன் பட்டுப்போன வேங்கை மரத்தில் தாளம் தட்டுவான். தவளை தொந்தியப்பன் அடித்தொண்டையில் கூடவே முழங்குவான். பாடுவது ரீங்கன் என்ற சில்வண்டு. உடம்பு ஒரு புளியங்கொட்டை அளவு, குரலோ மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்!

அவர்கள் பாட்டு லேசுப்பட்டதில்லை. ஏழு தட்டில் தொடங்கும், திடீரென்று ஐந்துக்குத் தாவும், எங்கெங்கோ சுற்றிவிட்டு மறுபடி ஏழுக்கு வந்து சேரும். காலையில் தொடங்கினால் வெயில் உச்சிக்கு ஏறும்வரை ஒரே பாட்டுதான். முயல்கள் பாதியில் தூங்கிவிடும். தூங்கட்டுமே, இவர்களுக்கென்ன!

சிங்கத்தின் சபையில் பாட்டு ஏற்பாடு செய்யும் நரி ஒருநாள் வந்தது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா தலையை நறுக்கு, வாலை நறுக்கு. நாலே வரி வச்சா காடு முழுக்கப் பாட வைக்கிறேன்!”

“தலையும் வாலும் போனா மிச்சம் என்னய்யா இருக்கும்?” என்றான் தொந்தியப்பன்.

“எங்க ஆல்பத்தை நாங்களே போட்டுக்கிறோம். நீ கிளம்பு!” என்றான் கொண்டையன்.

அதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பாட்டைச் சேர்த்து வைக்க மலை மைனாவைக் கூப்பிட்டார்கள். கேட்டதை மூச்சுகூட மாறாமல் திருப்பிச் சொல்லும் பறவை அது. ‘தொடங்கு’ என்றால் காதைத் தீட்டிக்கொள்ளும். ‘வை’ என்றால் மனசில் பூட்டிக்கொள்ளும். ‘அழி’ என்றால் தலையைச் சுனையில் முக்கி எடுக்கும். ‘தொடங்கு’ முதல் ‘அழி’ வரை கேட்டதெல்லாம் சுத்தமாகப் போய்விடும்; மற்றபடி காதில் விழுந்தது எதுவும் அதற்கு மறக்காது.

மைனா வந்து சேர்வதற்குள்ளேயே ரீங்கனுக்கு அவசரம். மண்ணைவிட்டு வெளியே வந்த சில்வண்டுக்கு ஒரே ஒரு வெயில் காலம்தான் ஆயுசு.

“அண்ணே, என் பிள்ளைங்க மண்ணுக்குள்ள போயிட்டா வெளிய வர வருஷக்கணக்காகும். அப்போ நான் இருக்க மாட்டேன். அப்பன் குரல் எப்படி இருந்துச்சுன்னு அதுங்க கேட்கணும். எனக்கு அது போதும்ணே.”

“கேட்கும்டா! ஆனா குறையோட வைக்கக் கூடாது” என்றான் கொண்டையன்.

தொடங்கினார்கள். நடுவில் தொந்தியப்பன் தும்மிவிட்டான். “அழி!” காற்றில் சருகு சலசலத்தது. “அழி!” கொண்டையனுக்கே ஒரு தட்டு பிசகியது. “அழி!”

ஒவ்வொரு தடவையும் மைனா தலையை முக்கி எடுத்து நிமிரும். ரீங்கன் கிளையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பான்: “இந்தத் தடவையாச்சும் சரியா இருந்துச்சாண்ணே?”

“நாளைக்குப் பார்ப்போம்டா” என்பான் கொண்டையன்.

மழை மேகம் கூடத் தொடங்கியது. ரீங்கனின் சிறகு நைந்துபோயிருந்தது. அன்றைக்கு அவன் பாடியதை என்னவென்று சொல்வேன்! ஐந்துக்குத் தாவும் இடத்தில் குரல் லேசாக உடைந்தது. முயல்கள்கூடத் தூங்கவில்லை. தொந்தியப்பன் அழுதே விட்டான்.

“இதுதான்யா பாட்டு! வைக்கச் சொல்லு!”

“குரல் உடைஞ்சது உன் காதுல விழலையா?”

“உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகட்டும்யா!”

“நறுக்கச் சொன்ன நரிக்கே நான் தலை குனியல. ஓட்டைப் பாட்டையா வைப்பேன்? அழி!”

மைனா தயங்கியது. “அண்ணே, இது நெஞ்சுல ஒட்டிக்கிச்சு. வச்சுக்கிறேனே…”

“அழின்னா அழி!”

மைனா தலையை முக்கி எடுத்தது. கிளையிலிருந்து சன்னமாகக் குரல் வந்தது.

“இந்தத் தடவையாச்சும் சரியா இருந்துச்சாண்ணே?”

“நாளைக்குப் பார்ப்போம்டா.”

மறுநாள் மழை கொட்டியது. வேங்கை மரத்தடியில் ரீங்கன் மல்லாந்து கிடந்தான். எறும்புகள் வந்துவிட்டன. கொண்டையன் அவற்றை விரட்டி விரட்டி ஓய்ந்துபோனான். பிறகு மைனாவிடம் ஓடினான்.

“அவன் பாட்டுல ஒரு வரியாச்சும் உன்கிட்ட இருக்கா?”

“சுத்தமா அழிச்சிட்டேண்ணே. நீங்கதானே சொன்னீங்க” என்று மைனா அழுதது. பாவம், அது என்ன செய்யும்!

வருஷங்கள் ஓடின. ஒரு வெயில் காலத்தில் மண்ணைத் துளைத்துக்கொண்டு ரீங்கனின் பிள்ளைகள் மேலே வந்தன. பழைய தோலை உரித்துப் போட்டுவிட்டு, ஈரச் சிறகு காய்வதற்குள் மைனாவைத் தேடிப் போயின.

“அத்தை, எங்க அப்பா பெரிய பாட்டுக்காரராமே! காடே சொல்லுது. அவர் குரலைக் கொஞ்சம் போடுங்களேன்!”

மைனாவிடம் பாட்டு இல்லை. ஆனால் ‘அழி’ என்று சொன்ன பிறகு பேசியதை அழிக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லையே! அது மட்டும் இருந்தது. மைனா அலகைத் திறந்தது. ரீங்கனின் குரலே வந்தது, அதே களைப்போடு.

“இந்தத் தடவையாச்சும் சரியா இருந்துச்சாண்ணே?”

பிள்ளைகள் காத்திருந்தன. “அப்புறம் அத்தை?”

“அவ்வளவுதான் கண்ணுங்களா.”

தாளம் தட்டுவதையே விட்டுவிட்ட கிழட்டுக் கொண்டையன் வேங்கை மரத்தில் உட்கார்ந்திருந்தான். அந்தக் குரலைக் கேட்டதும் மைனாவின் பக்கம் பறந்து வந்தான்.

“சரியா இருந்துச்சுடா தம்பி! ரொம்பச் சரியா இருந்துச்சுடா!” என்று கத்தினான். அதைக் கேட்க ரீங்கன் இல்லை.

குறையில்லாததற்காகக் காத்திருந்து, கூட இருப்பவர் மனசாரத் தந்ததைத் தள்ளிவிடாதீர்கள்; அவர் கேட்கும்போதே ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடுங்கள்.